சிப்பித்துறையின் மேல்வெளிச்சம்

கடல் ஒரு பக்கமும் உப்பளம் மறுபக்கமுமாகக் கிடக்கிற சிப்பித்துறையில், பொங்கல் பானைகளைக் கழுவிக் கவிழ்த்த மறுநாள், பொழுது இறங்கி இன்னும் வீடுகளில் விளக்குப் போடாத அந்தச் சாம்பல் நேரத்தில், கடலுக்கு மேலே வெளிச்சங்கள் வந்து நின்றன. நட்சத்திரத்தைவிடப் பெரியவையாகவும் நிலாவைவிடச் சிறியவையாகவும், பழுத்த பனம்பழத்தின் நிறத்தில், சந்தைக்குப் போன பெண்கள் வழியில் நின்று பேசிக்கொள்வதுபோல ஒட்டியும் விலகியும் அவை நின்றன. மாதா கோயிலில் ஜெபமணி அடித்ததும், பேச்சு முடிந்துவிட்டவர்கள்போல ஒவ்வொன்றாக அணைந்தன. மறுநாளும் வந்தன. அதற்கு மறுநாளும் வந்தன.

முதல் நாள் ஊர் பயந்தது உண்மைதான். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள், நாய்கள் வள்ளங்களுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன, மாதா கோயில் பங்குச்சாமி ஸ்தனிஸ்லாஸ் தீர்த்தச் செம்போடு கடற்கரைக்கு வந்து, இதற்கு எந்த ஜெபத்தைச் சொல்வதென்று தெரியாமல் வெகுநேரம் நின்றுவிட்டு, வந்ததற்கு அடையாளமாக மணலில் கொஞ்சம் தெளித்துவிட்டுப் போனார். ஆனால் பயப்படுவதற்கும் ஓய்வு வேண்டியிருக்கிறது. சிப்பித்துறையில் சாயங்காலம் என்பது மீன் ஏலம் முடிந்து, வலையை உதறி, கிழிந்ததைப் பார்த்து, மறுநாளைக்கு ஐஸ் சொல்லிவைக்கிற நேரம். ஆகவே ஒரு வாரம் போவதற்குள் ஊர் தன் வேலைகளை எடுத்துக்கொண்டு அந்த வெளிச்சத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டது.

வலை முடிகிறவர்கள் முதலில் வந்தார்கள், ஏனென்றால் அந்த வெளிச்சத்தில் நைலான் நரம்பின் முடிச்சு பகலைவிடத் துல்லியமாகத் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் கருவாடு காயப்போடுகிறவர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள், பல் முளைக்கிற குழந்தைகள்கூட அங்கே அழுவதில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களைச் சாயங்காலமாகவே வரச்சொன்னார்கள், அந்த நிறத்தில் எல்லா முகமும் நன்றாக இருந்தது. அண்ணன் தம்பிகள் வேலிச் சண்டையை மணி அடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, மணி அடித்த பிறகு தூக்கம் வந்து போய்ப் படுத்தார்கள். டீக்கடை பரஞ்சோதி தன் பாய்லரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கடற்கரைக்கே கொண்டுவந்துவிட்டார். அதற்கு மேல்வெளிச்சம் என்று பேர் வைத்ததும் அவர்தான். மேல்வெளிச்சம் வந்தாச்சா, மேல்வெளிச்சத்துக்கு முன்னால குளிச்சிட்டு வந்துரு, மேல்வெளிச்சத்தில பாத்துக்கிடலாம் என்று, மழையையும் பஸ்ஸையும் சொல்வதுபோல ஊர் அதைச் சொல்லப் பழகிக்கொண்டது.

ஒன்றைப் பற்றி மட்டும் அங்கே யாரும் பேசவில்லை. கார்த்திகையில் அடித்த புயலில் அடைக்கல மாதா என்ற படகு ஆறு பேரோடு போய்த் திரும்பவில்லை. தேடப் போன கப்பல்கள் வெறுமனே திரும்பிவிட்டன, வானத்தில் சுற்றிய விமானங்களும் நின்றுவிட்டன. தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஆறு பேருக்கும் இறந்தவர்களுக்கான பூசை வைத்துவிடலாம் என்று பங்குச்சாமி மெதுவாகச் சொல்லியிருந்தார். அந்த ஆறு வீட்டுப் பெண்களும் மற்றவர்களைப்போலவே சாயங்காலம் கடற்கரைக்கு வந்தார்கள், மற்றவர்களைப்போலவே வேலை பார்த்தார்கள், ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

இப்படி ஊர் தன்பாட்டுக்கு இருந்திருக்கும். ஆனால் தூத்துக்குடிக்குப் போகிற விமானங்களின் ஓட்டிகள் அது என்னவென்று கேட்கத் தொடங்கினார்கள், பத்திரிகைகள் பறக்கும் தட்டு என்று எழுதின, தொலைக்காட்சி வண்டிகள் வந்து மணலில் புதைந்து நின்றன, கடைசியில் அரசாங்கம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. மூவரில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் வந்தது, இன்னொருவருக்கு மாற்றல் வந்தது, மிஞ்சிய ஒருவர் மட்டும் பெட்டிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் சென்னையில் வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிற நாச்சியார்.

நாச்சியாருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மழை பெய்யும் என்று அவர் சொன்னதே கிடையாது. பெய்ய வாய்ப்புண்டு என்றுதான் சொல்வார். வீட்டிலும் அப்படித்தான். தங்கை கல்யாணத்துக்கு வருவாயா என்று அம்மா கேட்டதற்கும் வாய்ப்புண்டு என்று சொல்லித் திட்டு வாங்கியவர். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பது அவருக்கு ஒரு கட்டுப்பாடாக இல்லை, உடம்போடு வந்த குணமாக இருந்தது. பங்குச்சாமி இருக்கிற பங்கு வீட்டு மாடியில் அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். சமைத்துப்போட அமலோற்பவம் என்ற பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். அடைக்கல மாதாவை ஓட்டிப்போன கஸ்பாரின் மனைவி அவள். கழுத்தில் தாலி இருந்தது, காதில் தோடு இருந்தது, சமையலில் உப்பும் புளியும் சரியாக இருந்தன. வந்த முதல் நாளே அவள் யார் என்பதைப் பங்குச்சாமி நாச்சியாரிடம் சொல்லிவிட்டார், அதைப் பற்றி அவளிடம் கேட்கவேண்டாம் என்றும் சொன்னார்.

நாச்சியார் பள்ளிக்கூடத்தில் ஒரு மேஜை போட்டு ஊரை வரிசையாக விசாரித்தார். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள், நிறம் மாறவில்லை, நேரம் மாறவில்லை, இடம் மாறவில்லை. சாயங்காலம் கடற்கரைக்குப் போய்த் தானும் பார்த்தார். கேமராவில் அவை விழுந்தன. பொய்யில்லை என்று தெரிந்தபின் அவர் சிரமம் அதிகமாயிற்று. பல நாள் யோசித்து, பங்கு மண்டபத்தில் ஊரைக் கூட்டி, இது கிழக்கே எழுகிற வியாழன் கிரகமாக இருக்கவேண்டும், கடல்மேல் நிற்கிற மெல்லிய மேகம் அதைப் பலவாகப் பிரித்துக் காட்டுகிறது என்று சொன்னார். ஊர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. அன்று சாயங்காலம் வெளிச்சங்கள் எல்லாம் நகர்ந்து நகர்ந்து ஒன்றாகி, ஒரே ஒரு பெரிய வெளிச்சமாக, ஒரு கிரகம் எப்படி எழவேண்டுமோ அப்படிக் கடலிலிருந்து மெல்ல எழுந்து மேலே போயிற்று. நாச்சியாருக்கு நிம்மதியாக இருந்தது. நான்கைந்து நாளில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: இந்த மாதம் வியாழன் விடியற்காலையில்தான் எழுகிறது, மாலையில் கிழக்கே எந்தக் கிரகமும் இல்லை. பதில் வந்த அன்றே அந்த ஒற்றை வெளிச்சம், வாத்தியார் அதட்டிய பிள்ளைகள்போலச் சிதறிப் பழைய இடங்களுக்குப் போய் நின்றுகொண்டது.

அடுத்து அவர் பறவைகள் என்றார். சூரியன் மறைந்த பின்னும் உயரத்தில் பறக்கிற கூட்டத்தின் வயிற்றில் அதன் ஒளி பட்டுக்கொண்டிருக்கும், கீழே இருட்டில் நிற்கிறவர்களுக்கு அது விளக்குபோலத் தெரியும், இதில் அதிசயமில்லை என்று விளக்கினார். அன்று அந்தியில் வெளிச்சங்கள் அசைந்தன, பிறகு சிறகடித்தன, பிறகு ஒரு நீண்ட மாலையாக வளைந்து ஊருக்கு மேலே பறந்துவந்து உப்பளத்தில் இறங்கின. விடிந்து பார்த்தால் பாத்திகள் முழுக்கப் பூநாரைகள், ரோஜா நிறத்தில், ஒற்றைக் காலில், வெகுகாலமாக அங்கேயே குடியிருப்பவைபோல நின்றன. உப்பளத்துக்காரர்கள் அவற்றைச் சுற்றி நடந்துபோய் உப்பு வாரினார்கள். வனத்துறையிலிருந்து வந்தவர்கள் இந்த உப்பளத்துக்குப் பூநாரை வந்ததாகப் பதிவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பறவைகள் அதைப் பொருட்படுத்தவில்லை, அங்கேயே இருந்தன. ஆனால் கடலுக்கு மேலே வெளிச்சங்கள் மறுபடி வந்துவிட்டன.

இதை முதலில் புரிந்துகொண்டது டீக்கடை பரஞ்சோதி. அம்மா என்ன சொல்றாவளோ அதுவா ஆயிருது என்று ஒரு கிளாஸை ஆற்றிக்கொண்டே சொன்னார். கேட்டவர்கள் ஆமாம் என்றார்கள், அதற்கு மேல் அதில் வியக்க ஒன்றுமில்லை என்பதுபோல டீயைக் குடித்தார்கள், குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் முகம் கழுவி நல்ல சட்டை போட்டுக்கொண்டு பங்கு வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

அதிலிருந்து நாச்சியாருக்குக் காலையும் மாலையும் ஆள் வந்தது. கிணறு வற்றியவர்கள், அதை மழைமேகத்துக்குள் மின்னுகிற மின்னல் என்று சொல்லக் கூடாதா என்று கேட்டார்கள். உப்பளக்காரர்கள், மின்னல் என்று சொல்லுங்கள் ஆனால் மழை என்று சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கிறவனுக்கு நிச்சயமான ஒரு பெண் அதை விமானத்தின் விளக்கு என்று சொன்னால் போதும் என்றாள், எந்த விமானம் என்றுகூடச் சொல்லவேண்டாம் என்றாள். ஊராட்சித் தலைவர் எதுவாக இருந்தாலும் நிரந்தரமாக இருக்கிற மாதிரி ஒன்றைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நாச்சியார் எல்லாரிடமும், நான் சொல்வதால் எதுவும் ஆவதில்லை, இருப்பதைத்தான் நான் சொல்கிறேன் என்று பொறுமையாகச் சொன்னார். அவர்கள் அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அப்படியே இருக்கட்டும் அம்மா, ஆனா கொஞ்சம் யோசிங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் அவருக்குள் பயம் புகுந்துவிட்டது. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் தலையை ஆட்டினார். பேசுவதற்குப் பதில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, வந்து கேட்டவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, அந்த ஆறு வீடுகளிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்பது அவருக்குத் தட்டுப்பட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு அமலோற்பவம் மேலே வந்தாள். இலையைப் போட்டாள், சோறு வைத்தாள், ஊளி மீன் துண்டைப் பார்த்து எடுத்து வைத்தாள். பங்குச்சாமி சொன்னதை மீறி நாச்சியார் அவளிடம் கேட்டார். ஊரே வந்து கேட்டுவிட்டது, நீ ஏன் எதுவும் கேட்கவில்லை என்றார்.

அமலோற்பவம் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்லிருவீங்க அக்கா" என்றாள். "சொன்னா அதுவும் நடந்துரும்லா."

சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றினாள். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள் அக்கா என்று சொன்னது அவளுக்கே தெரிந்த மாதிரி இல்லை. நாச்சியாரால் அன்று சாப்பிட முடியவில்லை.

உண்மையில் அவர் வந்த முதல் நாளே இன்னொரு விளக்கத்தையும் யோசித்திருந்தார். வெயில் நேரத்தில் ரோட்டில் தண்ணீர் கிடப்பதுபோலக் கானல் தெரிகிறதே, அதற்கு நேர் எதிரான கானல் ஒன்று கடலில் உண்டு. கீழே காற்று குளிர்ந்தும் மேலே சூடாகவும் இருந்தால், கடல் விளிம்புக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிற ஒரு படகின் விளக்கு வளைந்து உயர்ந்து, வானத்தில் நிற்பதுபோல, ஒன்று பலவாகத் தெரியும். புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் அந்தத் திசையில் எந்த ஊர்ப் படகும் இல்லை என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். படகு இல்லாமல் படகின் விளக்கு என்று எப்படிச் சொல்வது என்று அன்றைக்கே அதை ஒதுக்கிவைத்திருந்தார்.

இப்போது அதை மறுபடி எடுத்தார். கோயில் மணிக்கூண்டில் கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மணிக்குப் பக்கத்தில் ஒன்று என்று வெப்பமானிகளைக் கட்டிவிட்டு, அந்தி நேரத்தில் குறுகலான படிகளில் ஏறி இறங்கிப் பார்த்தார். மேலே போகப்போகக் குளிரவேண்டிய காற்று மேலே போகப்போகச் சூடாக இருந்தது. தினமும் அப்படியே இருந்தது. பாதி விளக்கத்துக்குக் கையில் சான்று இருந்தது. மறுபாதிக்குக் கடலைத் தவிர ஒன்றும் இல்லை. பூசைக்கு நாள் குறித்தாகிவிட்டது. கோயில் வாசலில் ஆறு பேரின் பெயரையும் எழுதி ஒட்டியிருந்தார்கள். படியிறங்கும்போதெல்லாம் நாச்சியார் அதைக் கடந்துதான் வரவேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் நின்று படித்தார். கஸ்பார், சூசைமிக்கேல் என்று தொடங்கி ஆறு பெயர்கள். படித்து முடித்ததும் அவர் பங்கு வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடற்கரைக்குப் போனார்.

நாளைக்குப் பூசை. ஊர் மேல்வெளிச்சத்துக்குக் கீழே வழக்கம்போல உட்கார்ந்திருந்தது. வலை ஊசிகள் போய்வந்துகொண்டிருந்தன. நாச்சியார் பரஞ்சோதியின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று, யாரையும் கூட்டாமல் பேசினார்.

"அது கடல் விளிம்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு படகோட விளக்கு. மேலே சூடான காத்து இருக்கு, கீழே குளிர்ந்த காத்து. ரெண்டும் சேர்ந்து அதைத் தூக்கி நமக்குக் காட்டுது."

ஊசிகள் நின்றன. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஆறு பெண்களும் திரும்பவில்லை, ஆனால் அவர்களுடைய முதுகுகள் கேட்டுக்கொண்டிருந்தன. யாருடைய படகு என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். எந்தப் படகு என்று தனக்குத் தெரியாது, படகு என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றார் நாச்சியார். அப்போது சூசைமிக்கேலின் மனைவி பிலோமி, உட்கார்ந்த இடத்திலிருந்தே, கடலைப் பார்க்காமல் கேட்டாள்.

"அதுல ஆள் உண்டா மேடம்?"

நாச்சியாருக்கு வாய்ப்புண்டு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"வெளக்கு எரியுதுன்னா, ஏத்த ஆள் இருக்கணும்" என்றார்.

யாரும் அழவில்லை, யாரும் எழுந்து ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஊசிகள் மறுபடி ஓடத் தொடங்கின. பங்குச்சாமி மட்டும் இரண்டு முறை இருமிப் பார்த்து, நாளைக்குத் தனக்குத் தொண்டை கட்டியிருக்கும்போலத் தெரிகிறது, பாட்டுப் பூசை வைக்க முடியாது, தள்ளித்தான் வைக்கவேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். போகிற வழியில் கோயில் வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து மடித்து அங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து வெளிச்சங்கள் இறங்கத் தொடங்கின. ஒவ்வொரு அந்தியிலும் கொஞ்சம் தாழ்வாக, கொஞ்சம் நெருக்கமாக நின்றன. கடைசியில் கடல் விளிம்பில் ஒரு சிவந்த கோடாகப் படிந்து, அதன்பின் ஒருநாள் வரவேயில்லை. மறுநாளும் வரவில்லை. ஊர் கடற்கரைக்கு வந்து, இருட்டுவது எப்படியிருக்கும் என்பதை மறந்துபோனவர்களைப்போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோயிற்று. வலைகளை வீட்டுக்குள் பல்பு வெளிச்சத்தில் முடிந்தார்கள், முடிச்சுகள் தப்பின. குழந்தைகள் அழுதன. அண்ணன் தம்பிகளுக்கு வேலி நினைவுக்கு வந்தது. பரஞ்சோதி பாய்லரைத் தள்ளிக்கொண்டு கடைக்கே போய்விட்டார். நாச்சியாரை யாரும் குறை சொல்லவில்லை, எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். முன்பு போல நின்று பேசவில்லை. இருந்த ஒன்றையும் இவர் வாயால் அணைத்துவிட்டார் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. தானும் அப்படித்தான் நினைத்தார். அமலோற்பவம் மட்டும் அன்றாடம்போல வந்தாள், சமைத்தாள், இலை போட்டாள். அவள் முகத்தில் இருந்து எதையும் படிக்க முடியவில்லை.

பிறகு ஒரு நடுப்பகலில், வெயில் மணலை வறுத்துக்கொண்டிருக்க, ஊரில் பாதிப்பேர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கையில், பெயின்ட் முழுக்கப் போய் வெறும் மரமாக வெளுத்த ஒரு படகு, தார்ப்பாயைக் கிழித்துக் கட்டிய பாயோடு, யாரும் பார்க்காமலே கரையில் வந்து தட்டியது. பிறகு கண்டவர்கள் சத்தம் போடவில்லை. ஒருவரை ஒருவர் தொட்டு எழுப்பிக்கொண்டு வந்தார்கள். படகிலிருந்து தாடியும் எலும்புமாக மனிதர்கள் இறங்கினார்கள். மணலில் நடக்கக் கால் பழகாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

ஐந்து பேர் இருந்தார்கள்.

அமலோற்பவம் தண்ணீர் விளிம்பில் நின்றாள். கஸ்பார் அவளைப் பார்த்தான். ஆனால் அவளிடம் வரவில்லை. கூட்டத்துக்குள் நடந்துபோய்ப் பிலோமியைத் தேடி, அவளுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிலோமி அவன் தோளுக்கு மேலாகப் படகை ஒருமுறை பார்த்தாள். எப்போ என்று கேட்டாள். ரெண்டாவது வாரம், காய்ச்சல்ல, என்றான். ஜெபம் சொல்லித்தான் கடல்ல இறக்கினோம், வெறுமே விடல என்றான். பிலோமி சரி என்பதுபோலத் தலையசைத்தாள், பிறகு அவன் நிற்க முடியாமல் ஆடுவதைக் கண்டு கையைப் பிடித்து மணலில் உட்காரவைத்தாள். அதற்குப் பிறகுதான் அமலோற்பவம் பக்கத்தில் வந்து தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

அவர்கள் சொன்ன கதையை ஊர் பலநாள் கேட்டது. புயல் இஞ்சினையும் சுக்கானையும் கொண்டுபோயிற்று, நீரோட்டம் தெற்கே இழுத்து இலங்கைக்கும் அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது, ஐஸ்பெட்டியில் மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள், மீனை வெயிலில் காயவைத்துத் தின்றார்கள். சூசைமிக்கேலைக் கடலில் இறக்கியபின் திசையைப் பற்றி யாரும் பேசவில்லை, படுத்தே கிடந்தார்கள். அப்படிக் கிடந்தபோதுதான், தை பிறந்திருக்கும் என்று அவர்கள் நினைத்த சமயத்தில், ஒரு அந்தியில் வானத்தில் ஒரு ஊர் தெரிந்தது. தலைகீழாக இருந்தது. கோயில் மணிக்கூண்டு கீழ்நோக்கித் தொங்கிற்று, பனைகள் தொங்கின, மனிதர்கள் கால் மேலே தலை கீழே என்று மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு அந்தியிலும் அது வந்தது, அதை நோக்கித்தான் பாயைத் திருப்பி வைத்தார்கள்.

"இவனுவ அது மோட்சம்னானுவ" என்றான் கஸ்பார், உடன் வந்தவர்களைக் காட்டி. "நான் உத்துப் பாத்தேன். எல்லாரும் வலை முடிஞ்சிட்டு இருந்தாவ. மோட்சத்துல எவன் வலை முடிவான்? அப்பத்தான் நம்ம ஊருன்னு தெரிஞ்சுது."

வலை முடிகிறவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

பங்குச்சாமிக்குத் தொண்டை சரியாயிற்று. ஒரே ஒரு பெயருக்காகப் பூசை வைத்தார். ஐந்து பேரும் பிலோமியோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நாச்சியாரும் போய்க் கடைசி வரிசையில் நின்றார். ஏற்ற ஆள் இருக்கவேண்டும் என்று சொன்னபோது எத்தனை ஆள் என்று தான் சொல்லவில்லையே என்பது அவருக்குள் கிடந்து அரித்தது. பூசை முடிந்து வெளியே வந்த பிலோமி அவரிடம் வந்து நின்றாள். அவள் என்ன கேட்டாலும் பதில் இல்லை என்று நாச்சியார் பயந்தார். பிலோமி எதுவும் கேட்கவில்லை. ஊருக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்று மட்டும் விசாரித்தாள். போவதற்கு முன்னால் கொஞ்சம் கருவாடு கட்டித் தருகிறேன், மறுக்கக் கூடாது என்றாள்.

கிளம்புகிற நாளன்று கஸ்பாரின் வீட்டில் நாச்சியாருக்குச் சாப்பாடு. கஸ்பார் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டு, இன்னும் ஒட்டிய கன்னங்களோடு அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். நாச்சியாரின் அறிக்கை எழுதி முடிந்திருந்தது. எல்லாம் பொருந்தி வந்திருந்தது, காற்றின் அடுக்குகள், தூரம், திசை, நாள். ஒரே ஒரு விவரம் பாக்கி இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே, படகில் என்ன விளக்கு எரித்தீர்கள் என்று கேட்டார்.

கஸ்பாருக்குக் கேள்வி புரியவில்லை.

"வெளக்கா? வெளக்கு ஏது மேடம். பேட்டரி புயல்லயே செத்துப்போச்சு. தீப்பெட்டி நமத்துக் கூழாயிட்டு. பொழுது எறங்கினா ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாது."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அமலோற்பவம் வாசல்படியில் வந்து நின்றாள். அவள் கெஞ்சவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை, நாச்சியாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் இப்போது என்ன சொன்னாலும், அப்படியானால் அது விளக்கில்லை என்று சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாலும், எதிரே உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருக்கிற இந்த மனிதனுக்கு என்ன ஆகும் என்று நாச்சியாருக்குத் தெரியவில்லை. ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். அவர் கையில் இருந்த கவளத்தை வாயில் போட்டு மெதுவாக மென்று விழுங்கினார்.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தும்மா" என்றார்.

அமலோற்பவம் வந்து ஊற்றினாள். கொஞ்சம் இலைக்கு வெளியே சிந்திற்று.

சென்னையில், ஒரு வாரம் கழித்து, இயக்குநர் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு நாச்சியாரைக் கூப்பிட்டனுப்பினார். ஓய்வுபெற இருக்கிற மனிதர், கவனமானவர். எல்லாம் சரியாக இருக்கிறது, மிக நன்றாக இருக்கிறது என்றார். ஒரு சந்தேகம் மட்டும், அந்தப் படகில் விளக்கு இருந்ததை நேரில் விசாரித்து உறுதிசெய்தீர்களா என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே காலை வெயிலில் யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாச்சியார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருந்தது சார்" என்றார்.

"எத்தனை?"

"ஒண்ணு. அரிக்கேன் விளக்கு. சின்னது. கண்ணாடியில குறுக்கால ஒரு கீறல் இருக்கும்."

இயக்குநர் திருப்தியோடு ஓரத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

அதே நேரத்தில் சிப்பித்துறையில், கரையில் ஏற்றிவைத்த அடைக்கல மாதாவுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதற்காகக் கஸ்பார் உள்ளே இறங்கிச் சுரண்டிக்கொண்டிருந்தான். அடிப்பலகையைத் தூக்கியபோது, ஏற்கெனவே இரண்டு தடவை சுரண்டிக் கழுவிவிட்ட அந்த இடத்தில், ஒரு அரிக்கேன் விளக்கு இருந்தது. சின்னது, கரி பிடித்தது, கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல். அவனுக்கு அதைப் பார்த்த ஞாபகமே இல்லை. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் அமலோற்பவத்திடம் கொடுத்தான்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண்ணாடி இப்போதுதான் அணைத்ததுபோலச் சூடாக இருந்தது. சுடுமே, கீழ வையி என்றான் கஸ்பார்.

சுடட்டும் என்றாள் அவள். ஆறும்வரை அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.